வந்தவர் வேனில், போனவர் சைக்கிளில்! தூர தேசம் போக எது நல்லது?

ஒரே சாலை. அதன் வழியாக ஒரு பெண் வந்தார். பிறகு ஓர் ஆண் போனார். வந்தவர் வேனில் வந்தார். போனவர் சைக்கிளில் போனார்! வந்தவருக்குச் சுமார் 3 வாரம் பிடித்தது. போனவருக்கு 4 மாதம் பிடித்தது. இருவரும் கணவன் மனைவி!

இது கதை அல்ல. நடந்த சம்பவம்.

பெண்ணின் பெயர் சார்லட் வான் ஷெட்வின். ஐரோப்பாவின் வட கோடியில் உள்ள சுவீடன் நாட்டைச் சேர்ந்த மாணவி. 1975-ம் ஆண்டில் இவரும் இவருடைய நண்பர்களும் ஒரு வேனில் ஏறி இந்தியாவுக்குப் புறப்பட்டார்கள். விமானத்தில் அல்ல, கப்பலிலும் அல்ல. சாலை வழியாகவே வந்தார்கள்! துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் என்று பல நாடுகளைத் தாண்டி டெல்லிக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஆணின் பெயர் பிரத்யும்ன குமார் மகாநந்தியா. ஒரிசாவில் ஒரு காட்டுக் கிராமத்தில் 1949-ல் பிறந்தவர். நெசவுத் தொழில் செய்யும் தாழ்த்தப்பட்ட குடும்பம். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்காரக்கூட விடமாட்டார்கள். ஆனால் கையில் பென்சிலை எடுத்தால் போதும். எதிரே இருப்பவரை அப்படியே தாளில் கொண்டுவந்து விடுவார்! அந்தத் திறமைதான் அவரை டெல்லி ஓவியக் கல்லூரிக்குக் கொண்டு போயிற்று. மாலை நேரங்களில் கன்னாட் பிளேஸ் என்ற கடைவீதியில் உட்கார்ந்து, வருவோர் போவோரைப் படம் வரைந்து காசு சம்பாதித்து வந்தார்.

1975 டிசம்பரில் ஒரு நாள் சார்லட் அவர் முன்னே வந்து உட்கார்ந்தார்.

ஓவியருக்குக் கை நடுங்கியது. ஏன் தெரியுமா? அவர் குழந்தையாக இருந்தபோது கிராமத்து ஜோசியர் ஒன்று சொல்லியிருந்தாராம். "இவனுக்கு வரப் போகிறவள் தூர தேசத்துப் பெண். ரிஷப ராசிக்காரி. சங்கீதம் தெரிந்தவள். ஒரு காட்டுக்கே சொந்தக்காரி!" ஓவியர் தயங்கித் தயங்கி விசாரித்தார். எல்லாம் பொருந்தியது! சார்லட் புல்லாங்குழல் வாசிப்பார். அவருடைய குடும்பத்துக்குக் காடும் சொந்தமாக இருந்தது. ஜோசியம் பலித்ததோ இல்லையோ, காதல் பலித்தது. ஒரிசாவில் ஓவியரின் கிராமத்துக்குப் போய், ஊர் வழக்கப்படி கல்யாணமும் நடந்தது.

சில வாரங்களில் சார்லட் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. ஓவியருக்குப் படிப்பு பாக்கி. "விமான டிக்கெட் வாங்கித் தருகிறேன், வாருங்கள்" என்றார் மனைவி. கணவர் சம்மதிக்கவில்லை. "என் சொந்த முயற்சியால் வந்து சேருகிறேன்" என்றார். ஒரு வருஷம் ஓடியது. கடிதங்கள் வந்தன, போயின. விமானத்துக்குப் பணம் சேரவில்லை!

கடைசியில் இருந்ததை எல்லாம் விற்றார். ஒரு பழைய சைக்கிளை வாங்கினார். 1977 ஜனவரி 22-ந் தேதி டெல்லியில் மிதிக்கத் தொடங்கினார்.

காசிக்குப் போக எத்தனை நாள்?

அந்த ஓவியருக்குத் தேர்ந்தெடுக்க வழி இல்லை. கையில் இருந்தது சைக்கிள்தான். ஆனால் இன்று தூரப் பயணம் புறப்பட ஆசைப்படும் பலருக்கு இரண்டும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. சைக்கிளா, மோட்டார் வண்டியா? இந்தக் கேள்வி பல வீடுகளில் எழுகிறது. மகன் ஒன்று சொல்கிறான். தகப்பனார் வேறொன்று சொல்கிறார். தாயார் "இரண்டும் வேண்டாம், ரயிலில் போங்கள்" என்கிறார்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் வத்திராயிருப்பு இருக்கிறது. அதை அடுத்தது வ. புதுப்பட்டி. தமிழ்நாட்டில் புதுப்பட்டிகள் ஏராளம் என்பதால், வத்திராயிருப்பின் 'வ' இந்த ஊரின் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பயணம் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குப் புதிது அல்ல. ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலை ஏற வரும் கூட்டம் இந்தப் பக்கமாகத்தான் போகிறது. பஸ்ஸில் வருவார்கள், வேனில் வருவார்கள், காரில் வருவார்கள். ஆனால் தாணிப்பாறை அடிவாரத்தில் எல்லோரும் இறங்கியாக வேண்டும். அதற்கு மேல் கோடீசுவரனுக்கும் கால்தான் வண்டி!

வ. புதுப்பட்டியிலிருந்து ஒருவர் காசிக்குப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். கிருஷ்ணன்கோவில் போய், தே. கல்லுப்பட்டி வழியாகத் திருமங்கலம் சேர்ந்தால், கன்னியாகுமரியிலிருந்து வரும் பெரிய நெடுஞ்சாலை கிடைத்துவிடும். முன்பு அதற்கு 7-ம் எண் தேசிய நெடுஞ்சாலை என்று பெயர். காசி முதல் கன்னியாகுமரி வரை அதன் நீளம் 2,369 கிலோ மீட்டர். இப்போது எண் மாறிவிட்டது; 44 முதலிய எண்களால் அழைக்கிறார்கள். மதுரை, சேலம், பெங்களூர், ஐதராபாத், நாகபுரி, ஜபல்பூர் வழியாகப் போகிறது. புதுப்பட்டியிலிருந்து காசிக்கு மொத்தம் சுமார் 2,200 கிலோ மீட்டர் வரும்.

காரில் ஒரு நாளைக்கு 500 கிலோ மீட்டர் போனால், ஐந்தாம் நாள் கங்கையில் குளிக்கலாம்.

சைக்கிளில்? டெல்லி ஓவியர் ஒரு நாளைக்குச் சுமார் 70 கிலோ மீட்டர் மிதித்தார். அந்தக் கணக்கில் போனால் 32 நாள். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்றால் மேலும் 4, 5 நாள் கூடும். ஆகமொத்தம், தைப்பொங்கல் முடிந்து புறப்பட்டால் மாசி மாதம் பிறந்த பிறகுதான் காசி!

இனி செலவு. கார் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 15 கிலோ மீட்டர் ஓடுகிறது, பெட்ரோல் விலை லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பெட்ரோலுக்கு மட்டும் ஏறக்குறைய 14,700 ரூபாய் ஆகும். சுங்கச் சாவடிக் கட்டணம் தனி. சைக்கிளுக்குப் பெட்ரோலும் இல்லை, சுங்கமும் இல்லை. "அப்படியானால் சைக்கிள்தான் லாபம்" என்று துள்ளவேண்டாம்! சைக்கிள்காரருக்கும் வயிறு இருக்கிறது. 70 கிலோ மீட்டர் மிதித்தவர் இரண்டு இட்லியோடு எழுந்துவிட மாட்டார். நாள் ஒன்றுக்குச் சாப்பாட்டுக்கு 300 ரூபாய் வைத்தாலும், 36 நாளைக்கு 10,800 ரூபாய் ஆகிவிடும். இரவு தங்குவதற்கு அறை எடுத்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். கோயில் மண்டபத்திலும், சத்திரத்திலும், தெரிந்தவர் வீட்டுத் திண்ணையிலும் படுக்கத் தெரிந்தவருக்கே சைக்கிள் மலிவு.

காரிலோ 4 பேர் போகலாம். பெட்ரோல் செலவைப் பங்கு போட்டால் தலைக்கு 3,700 ரூபாய்க்குள் முடிந்துவிடும். தனி ஆளுக்குச் சைக்கிள் லாபம். குடும்பத்துக்குக் கார் லாபம். பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சுமை ஏற்றினால்...

சைக்கிளில் என்ன பெரிய சுமை ஏற்றிவிட முடியும் என்று கேட்கலாம். கிராமத்தில் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். புல்லுக்கட்டு, பால் கேன், தண்ணீர்க் குடம் எல்லாம் சைக்கிளில்தானே போகின்றன! புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்துப் படித்த பெண்கள் அதோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் கொடுத்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். அவர்களில் பலர் பெண்களுக்கான சைக்கிளை விரும்பவில்லை. ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே கேட்டார்கள். காரணம்? அதில்தான் குறுக்குக் கம்பி உண்டு. அந்தக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம்!

ஆனால் தூரப் பயணத்துக்கு வந்தால் இந்த வீரம் செல்லாது. பக்கத்து ஊருக்கு 50 கிலோ மூட்டையை ஏற்றிப் போகலாம். 2,000 கிலோ மீட்டருக்கு ஏற்றிப் போக முடியாது. அனுபவப்பட்டவர்கள் சாமானை 15, 20 கிலோவுக்குள் அடக்கிக்கொள்கிறார்கள். இரண்டு மாற்று உடுப்பு, ஒரு போர்வை, காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், ஒரு டியூப், சில போக்ஸ் கம்பி, தண்ணீர். அவ்வளவுதான். தண்ணீரில்தான் கஷ்டமே இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ கனம்! வெயில் காலத்தில் நாகபுரிப் பக்கம் போகிறவருக்கு எத்தனை லிட்டர் வேண்டும்?

மோட்டார் வண்டிக்கு இந்தக் கவலை இல்லை. தண்ணீர், அரிசி, அடுப்பு, படுக்கை எல்லாம் ஏறும். மழை வந்தால் உள்ளே உட்காரலாம். வயதான தாயாரையும் அழைத்துப் போகலாம். ஆனால் வண்டிக்கு வேறு வகைத் தீனி உண்டு. ஆர்.சி. புத்தகம் வேண்டும், இன்ஷூரன்ஸ் வேண்டும், புகைச் சான்றிதழ் வேண்டும், லைசென்ஸ் வேண்டும்.

நாட்டின் எல்லையைத் தாண்டுவதானால் இன்னொரு காகிதம் சேரும். அதற்கு 'கார்னே' என்று பெயர். அதை வண்டியின் பாஸ்போர்ட் என்று சொல்லலாம். ஈரான் போன்ற பல நாடுகளில் அது இல்லாமல் வெளிநாட்டுக் காரை உள்ளே விடமாட்டார்கள். காரைக் கொண்டு வருகிறவர், சுங்க வரி கட்டாமல் அங்கேயே விற்றுவிட்டுப் போய்விடுவாரோ என்று பயம்! ஆகவே வண்டியின் மதிப்பை ஒட்டி ஒரு பெரிய தொகையை முன்கூட்டியே ஈடாகக் கட்டவேண்டும். திரும்பி வந்த பிறகுதான் அது கிடைக்கும். சைக்கிளுக்குக் கார்னே கிடையாது. உருட்டிக்கொண்டு போகவேண்டியதுதான்!

அட்லாஸும் சைக்கிளும்

சைக்கிளில் இந்தியாவுக்கு வந்த ஒரு பெண்மணியின் வரலாறு கேட்கத் தகுந்தது. அவர் பெயர் டெர்வ்லா மர்ஃபி. அயர்லாந்துக்காரர். 1941-ல் அவருடைய பத்தாவது பிறந்த நாளுக்கு இரண்டு பரிசுகள் கிடைத்தன. ஒன்று பழைய சைக்கிள். இன்னொன்று உலகப் படங்கள் அடங்கிய அட்லாஸ். சிறுமி அன்றே முடிவு கட்டிவிட்டாள்: "ஒரு நாள் இந்தச் சைக்கிளில் இந்தியா போவேன்!" யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்களே!

உடனே புறப்பட முடியவில்லை. தாயாருக்குத் தீராத மூட்டு நோய். பள்ளிக்கூடத்தை விட்டுத் தாயாருக்குப் பணிவிடை செய்தார். ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல. தாயார் 1962-ல் இறக்கும் வரை செய்தார். அப்போது அவருக்கு வயது 30-ஐத் தாண்டிவிட்டது. பத்து வயசில் போட்ட திட்டம் அப்படியே மனசில் இருந்தது!

1963 ஜனவரியில் பிரான்சிலிருந்து கிளம்பினார். ஐரோப்பாவே உறைந்து கிடந்த கடுங்குளிர் அது. அவருடைய சைக்கிளில் கியர் இருந்தது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டார்! ஆசியாவின் கரடுமுரடான சாலைகளில் அது தாங்காது, பழுதானால் சரிசெய்ய ஆள் கிடைக்காது என்பது அவர் எண்ணம். எத்தனை சரியான யோசனை! நம் ஊர்ச் சைக்கிள் கடைக்காரரைக் கேட்டால் அவரும் இதையே சொல்லுவார். உதிரி டயர்களை வழியில் உள்ள ஊர்களுக்கு முன்கூட்டியே அனுப்பி வைத்தார். கைத்துப்பாக்கி ஒன்றும் வைத்துக்கொண்டார். யூகோஸ்லாவியக் காட்டில் ஓநாய்கள் பாய்ந்தபோது அது உதவிற்று!

ஆனால் இந்தப் பயணத்தில் அவருக்கு ஏற்பட்ட பெரிய காயம் எங்கே நடந்தது தெரியுமா? சைக்கிளில் அல்ல, பஸ்ஸில்! ஆப்கானிஸ்தானில் ஒரு பஸ்ஸில் ஏறினார். உள்ளே சண்டை மூண்டது. யாரோ சுழற்றிய துப்பாக்கிக் கட்டை இவர்மேல் பட்டு மூன்று விலா எலும்புகள் முறிந்தன. பேசாமல் சைக்கிளிலேயே போயிருக்கலாம்! அதோடு அவர் நிற்கவும் இல்லை. அந்த வருஷம் ஜூலையில் டெல்லி வந்து சேர்ந்தார். பிறகு திபெத் அகதிக் குழந்தைகளுக்குத் தொண்டு செய்தார். பல புத்தகங்கள் எழுதினார். 2022-ல் 90 வயதில் காலமானார்.

மர்ஃபி அம்மையாருக்கு 40 வருஷம் முன்னதாகவே நம் நாட்டு வாலிபர்கள் இதில் இறங்கிவிட்டார்கள். பம்பாயில் பளு தூக்கும் சங்கத்தைச் சேர்ந்த ஆறு பார்சி வாலிபர்கள், 1923 அக்டோபர் 15-ந் தேதி சைக்கிளில் உலகம் சுற்றப் புறப்பட்டார்கள். ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு நடந்தே வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் பம்பாய் மைதானத்தில் பேசியதைக் கேட்டதுதான் தூண்டுகோல். ஈரான், ஈராக், சினாய் பாலைவனம், ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் என்று போயிற்று பயணம். 71,000 கிலோ மீட்டர்! ஆறு பேரில் மூன்று பேர்தான் முழுவதையும் முடித்தார்கள்: ஆதி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பும்காரா. 1928 மார்ச்சில் ஊர் திரும்பினார்கள். அவர்கள் எழுதிய பயண நூலுக்கு முன்னுரை கொடுத்தவர் ஜவகர்லால் நேரு.

பாலம் இல்லாத ஆறு

மோட்டார் வண்டியின் பெருமையைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது.

1955 செப்டம்பர் 1-ந் தேதி ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைகளைச் சேர்ந்த ஆறு மாணவர்கள், இரண்டு லாண்ட்ரோவர் வண்டிகளில் லண்டனை விட்டுக் கிளம்பினார்கள். போக வேண்டிய இடம் சிங்கப்பூர்! அதுவரை யாரும் அந்தத் தூரத்தைத் தரை வழியாக வண்டியில் கடந்தது இல்லை. வண்டிகளுக்கும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் என்றே பெயர். கல்கத்தா வரை அவ்வளவு கஷ்டம் இல்லை. அதற்கு அப்பால் அஸ்ஸாமிலிருந்து பர்மாவுக்குப் போகும் லெடோ சாலை இருக்கிறது. யுத்த காலத்தில் போட்டது. பிறகு கவனிப்பார் இல்லாமல் காடு மூடிவிட்டது. பாலங்கள் விழுந்து கிடந்தன. வண்டியை ஆற்றுக்குள் இறக்கி ஏற்றினார்கள்! 1956 மார்ச் 6-ந் தேதி சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். சுமார் 18,000 மைல், 6 மாதம்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மாணவர்களின் பின்னால் பல கம்பெனிகளின் உதவி இருந்தது. வண்டியே கம்பெனி கொடுத்தது. கையில் காசு இல்லாத ஒரிசா ஓவியருக்கு அப்படி யாரும் கொடுக்க இல்லை.

வண்டி வாங்க வசதி இல்லாதவர்களுக்குப் பஸ்ஸும் இருந்தது. ஆம், லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு! 1957 ஏப்ரலில் 20 பிரயாணிகளோடு முதல் பஸ் புறப்பட்டது. கட்டணம் 85 பவுன். அன்றைய மதிப்பில் சுமார் 1,130 ரூபாய். ஜூன் முதல் வாரத்தில் கல்கத்தா வந்து சேர்ந்தது. பின்னாளில் மாடி பஸ்கூட ஓடியது!

அந்தப் பாதை நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1979-ல் ஈரானில் புரட்சி வெடித்தது. அதே வருஷக் கடைசியில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்தது. பாதை அறுந்தது. 2025 ஏப்ரலில் அட்டாரி எல்லைச் சாவடியையும் இந்தியா மூடியது. சார்லட் வந்த வழியாக வேனில் வருவது நினைத்தவுடன் நடக்கிற காரியம் அல்ல. சைக்கிளுக்கும் வழி அடைபட்டதுதான். ஆனால் அடைபட்ட இடத்தில் சைக்கிளைக் கழற்றி விமானத்தில் ஏற்றி அப்பால் இறக்கிக்கொள்ளலாம். காரை அப்படிச் செய்ய முடியுமா? கப்பலில்தான் ஏற்ற வேண்டும். அதற்கு ஆகும் செலவில் இன்னொரு பழைய கார் வாங்கிவிடலாம் போலிருக்கும்!

இரண்டுக்கும் நடுவில் மோட்டார் சைக்கிள் இல்லையா என்று சிலர் கேட்பார்கள். உண்டு. திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் உற்பத்தி ஆயிற்றே! வேகமும் உண்டு, கிடைக்கும் சந்தில் நுழையவும் செய்யும். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கமும் கிடையாது. ஆனால் பழுதானால் சைக்கிளைப் போல் தோளில் தூக்க முடியாது. 1952-ல் சே குவேராவும் அவருடைய நண்பரும் ஒரு பழைய நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் தென் அமெரிக்காவைச் சுற்றப் போனார்கள். சிலி நாட்டில் அது அடியோடு படுத்துவிட்டது. மிச்சப் பயணம் கிடைத்த லாரியிலும் படகிலும்தான்!

இரண்டு ஜெர்மானியர்கள்

சைக்கிளும் மோட்டார் வண்டியும் எத்தனை தூரம் தாங்கும்? இதற்கு ஜெர்மனி நாட்டில் இரண்டு சாட்சிகள் கிடைக்கிறார்கள்.

ஒருவர் ஹைன்ஸ் ஸ்டூக்கே. 1962-ல் சொந்த ஊரை விட்டுச் சைக்கிளில் கிளம்பினார். 50 வருஷத்துக்கு மேல் ஊர் திரும்பவே இல்லை! 6 லட்சம் கிலோ மீட்டருக்கு மேல் மிதித்தார். எடுத்த போட்டோக்களையும், பயணம் பற்றிய சிறு புத்தகத்தையும் விற்றுச் சாப்பிட்டார். சைக்கிள் பல முறை உடைந்தது. கிடைத்த பட்டறையில் பற்ற வைத்துக்கொண்டார். பல முறை களவும் போயிற்று. ஒவ்வொரு தடவையும் திரும்பக் கிடைத்தது!

இன்னொருவர் குந்தர் ஹோல்டார்ஃப். விமானக் கம்பெனியில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். 1980-களின் இறுதியில் ஒரு மெர்சிடஸ் ஜீப்பில் பயணம் தொடங்கினார். வண்டிக்கு 'ஓட்டோ' என்று செல்லப் பெயர். கிறிஸ்டீன் என்ற பெண்மணி துணை வந்தார். ஓட்டலுக்குப் போவதில்லை, வண்டியிலேயே சமையல், வண்டியிலேயே படுக்கை. வண்டியை ஒரு குடித்தனமாகவே ஆக்கிவிட்டார்கள். 2010-ல் கிறிஸ்டீன் புற்றுநோயால் இறந்தார். பயணத்தை நிறுத்தக்கூடாது என்பது அவர் விருப்பம். ஹோல்டார்ஃப் தொடர்ந்து ஓட்டினார். மொத்தம் சுமார் 9 லட்சம் கிலோ மீட்டர்!

இருவருடைய பயணமும் முடிந்தது ஒரே ஆண்டில்: 2014.

இவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. காரில் போனவர் தம் வீட்டைக் கூடவே கொண்டு போனார். சைக்கிளில் போனவர் போன இடத்தில் எல்லாம் பிறர் வீட்டை நம்பி இருந்தார். எது சுகம் என்பது ஆளைப் பொறுத்தது. கூச்சம் உள்ளவர், யாரிடமும் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்கத் தயங்குகிறவர், சைக்கிளில் தூர தேசம் போனால் மிகவும் துன்பப்படுவார். வண்டியில் போகிறவரோ ஊருக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறிவிடுவார். அந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது.

ஆபத்தை மறைக்கக்கூடாது. நாற்கரச் சாலைகளில் சைக்கிள்காரருக்கு எமன் லாரிதான். சேலத்துக்கும் தர்மபுரிக்கும் நடுவே தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் லாரிகள் மோதிய செய்தி எத்தனை முறை வந்திருக்கிறது! அதுபோன்ற இடத்தில் சைக்கிளை லாரியிலோ ரயிலிலோ ஏற்றிக்கொண்டு தாண்டுவது கோழைத்தனம் அல்ல. பொழுது சாய்ந்த பிறகு மிதிக்கவே கூடாது. காலை 5 மணிக்குக் கிளம்பி, 11 மணிக்கு நிழல் தேடி, மாலை 3 மணிக்கு மறுபடி ஏறி, 6 மணிக்கு இறங்கிவிட வேண்டும். காரில் போகிறவருக்கு எமன் வேறு. அது தூக்கம்! "இன்னும் 100 கிலோ மீட்டர்தானே" என்று நள்ளிரவில் ஓட்டுகிறவர்தான் விடியும் நேரத்தில் கண் அயர்கிறார்.

ஓவியர் போய்ச் சேர்ந்தாரா?

சேர்ந்தார்! ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி எல்லாம் தாண்டினார். பாஷை தெரியாத இடத்தில் பென்சிலை எடுத்தார். எதிரே இருந்தவரின் முகத்தை வரைந்து கொடுத்தார். சிலர் காசு கொடுத்தார்கள். சிலர் ரொட்டி கொடுத்தார்கள். சிலர் படுக்க இடம் கொடுத்தார்கள். கால் வலித்தது, பல நாள் வயிறு காய்ந்தது. ஊருக்கு ஊர் சார்லட்டின் கடிதங்கள் காத்திருந்தன. அதுவே அவருக்குப் பெட்ரோல்!

துருக்கியில் இஸ்தான்புல், பிறகு ஆஸ்திரியாவில் வியன்னா. அங்கே சைக்கிள் பயணம் முடிந்தது. மிச்சத் தூரத்தை அவர் ரயிலில் கடந்தார். சைக்கிள் வீரர் ரயில் ஏறலாமா என்று யாராவது கேட்டால், 4 மாதம் மனைவியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தவரிடம் அதைக் கேட்டிருக்க வேண்டும்!

மே 28-ந் தேதி சுவீடனில் கோதன்பர்க் நகரத்தில் இறங்கினார். சார்லட் வந்து அழைத்துப் போனார். 1979-ல் அந்த நாட்டுச் சட்டப்படியும் கல்யாணம் நடந்தது. இரண்டு குழந்தைகள் பிறந்தார்கள். ஓவியர் அங்கே பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர் ஆனார். தீண்டாமைக் கொடுமையால் வகுப்புக்கு வெளியே உட்கார்ந்த பையன், வகுப்புக்கு உள்ளே நின்று பாடம் சொன்னார்!

வ. புதுப்பட்டியிலோ, ராஜபாளையத்திலோ, வேறு எங்கோ ஒரு வாலிபர் இதைப் படித்துவிட்டு, நாளைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு காசிக்குக் கிளம்பிவிடக்கூடாது. முதலில் கன்னியாகுமரி போய்ப் பார்க்கட்டும். ராஜபாளையம், தென்காசி, திருநெல்வேலி வழியாகச் சுமார் 200 கிலோ மீட்டர். முதல் நாள் இரவு தென்காசியில் தங்கினால் பக்கத்திலேயே குற்றால அருவி இருக்கிறது. கால் வலி தீரக் குளிக்கலாம். இரண்டாம் நாள் நாங்குநேரிப் பக்கம் தங்கினால், மூன்றாம் நாள் மாலை கடலைப் பார்த்துவிடலாம். பின் சக்கரத்தின் காற்றைப் புறப்படும் முன்பே சரிபார்க்க வேண்டும். சுமை முழுவதும் அதன்மேல்தான் உட்காருகிறது.